மஞ்சளோ சிவப்போ: ஒரு சோவியத் விமானத்தின் இலக்கம்

அன்று அச்சுக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி பியா. காயவைக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் குணம் அண்ணை. ஓடர் தந்த ஹென்ரிக், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு நான். என் பயத்தையும் ஓர் ஆளாக எடுத்தால் ஐந்து பேர். அன்று அதிகம் கதைத்தது அதுதான்.

இடம் டென்மார்க்கில் உள்ள ஹேர்னிங். முன்பு பனியன்களில் படம் அடித்த சிறிய ஸ்கிரீன் பிரிண்டிங் கூடம் எங்களுடையது. தையல் ஆலைகள் வெளிநாடு போன பிறகு பியா டெக்கால் அடிக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக் மொடல் விமானம் செய்கிறவர்கள் தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற மெல்லிய படம்தான் டெக்கால். நட்சத்திரம், இலக்கம், கோடு எல்லாம் அதில் வரும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூத்த அச்சுக்காரர் ஓய்வு பெற்றதால், புரூஃபில், அதாவது முதலில் அடித்துப் பார்க்கும் மாதிரித் தாளில், கையெழுத்துப் போடும் பொறுப்பு அந்த வாரம்தான் என் தலையில் விழுந்தது. அந்தக் கையெழுத்துக்கு 'இதில் பிழை இல்லை' என்று அர்த்தம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டேன் என்றுகூட நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

எல்லாவற்றிலும் ஒரே நட்சத்திரம்

இரண்டாம் உலகப் போரில் பறந்த சோவியத் சண்டை விமானங்களுக்கான தாள் அது. சிவப்பு நட்சத்திரம் எல்லா விமானத்திலும் இருக்கும். அதை வைத்து எந்தப் படைப்பிரிவு என்று சொல்ல முடியாது. இலக்கத்தின் நிறம், மூக்குக் கூம்பின் நிறம், வால் நுனியின் நிறம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஹென்ரிக் சொன்னபடி, ஒரே விமானத்தளத்தில் இரண்டு ரெஜிமென்ட் இருந்தன. ஒன்று இலக்கத்தை மஞ்சளில் எழுதியது, மற்றது சிவப்பில். எங்கள் தாளில் இருந்த 24 என்ற இலக்கம் மஞ்சள். நிறம் பிழைத்தால் ரெஜிமென்டும் பிழைத்துவிடும்.

ஆதாரமாக அவர் தந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதை நான் பார்க்காமல் விட்டிருக்கலாம். பார்த்தேன்.

"மெஷினை நிப்பாட்டுங்கோ!"

"என்னடா, மை முடிஞ்சுதோ?" என்றார் குணம் அண்ணை.

"இல்லை அண்ணை. படத்திலை இந்த 24 நட்சத்திரம் மாதிரியே கறுப்பாக் கிடக்கு. மஞ்சள் எண்டால் வெளுப்பா எல்லோ தெரியவேணும்?"

"ரஷ்யாக்காரன் பிளேனோடை வந்து உன்னைத் தேடப்போறானே? அடி ராசா, அடி."

நான் அதையே டெனிஷில் திருப்பிச் சொன்னதும் ஹென்ரிக் சிரித்தார். அவரும் பியாவும் டெனிஷில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தக் காலத்துப் பிலிம் சிலது சிவப்பைக் கறுப்பாக்கிப் போடும். மஞ்சளையும் இருட்டாக்கும். நீர் நினைக்கிறது பிழை. படத்திலை மஞ்சளும் சிவப்பும் ஒரே மாதிரித்தான்..."

படத்தை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"ஒரே மாதிரி எண்டால், நான் எப்பிடி மஞ்சள் எண்டு முடிவெடுத்தனான்?"

குணம் அண்ணை என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

தொற்று

அடுத்த நாள் ஹென்ரிக் தொலைபேசியில் வந்தார். ஒரு சஞ்சிகையில் வந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் மஞ்சள் என்று எடுத்தாராம். அதை வரைந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டால், அவர் ஹென்ரிக்கின் பழைய டெக்கால் தாள் ஒன்றைப் பார்த்து வரைந்தாராம்.

அதற்குப் பிறகு மனுசன் நாள் தவறாமல் வந்தார். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி நிற்பார். "சிவப்புக்குக் கீழை வெள்ளை அடிச்சனீரோ?" என்பார். அடிக்காவிட்டால் பச்சை விமானத்தில் நட்சத்திரம் மண்ணிறமாகிவிடும், அது அவருக்கே தெரியும். ஒருநாள் நட்சத்திரத்துக்கு ஐந்து முனைதானா என்று கேட்டார். நான் ஆயுள் முழுக்கப் பழகிய சந்தேக வியாதியை அவர் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

பியா என்னைக் கூப்பிட்டார்.

"அடிக்கிறதுக்கு வெறுந்தாள் வாங்கியாச்சு. மற்ற ஓடர்களைத் தள்ளி வைச்சிருக்கிறன். ஹென்ரிக்கும் புரூஃபிலை கையெழுத்து வைக்காட்டி என்னாலை ஓராளைத்தான் வேலையிலை வைச்சிருக்க ஏலும்."

கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் நான். கணக்கு விளங்கியது.

"அந்த மனுசனை இப்பிடி ஆக்கினது நீர்," என்றார். "நீரே திருத்தும்."

தன்னையே ஒருநாளும் ஆறுதல்படுத்தத் தெரியாதவனுக்கு வந்த வேலை.

காதால் பார்த்த விமானம்

கோப்பி ஊற்றிக்கொண்டு ஹென்ரிக்குக்கு முன்னால் இருந்தேன். அவர்தான் தொடங்கினார்.

"உங்கடை ஊரிலை போர் நடந்ததெல்லோ. மேலை போற பிளேனை எப்பிடி அடையாளம் கண்டனீங்கள்? நிறத்தாலையோ, இலக்கத்தாலையோ?"

அவர் என்னை ஒரு சாட்சியாக நினைத்துவிட்டார். உண்மை வெட்கக்கேடானது.

"நான் ஒரு பிளேனின்ரை நிறத்தையும் கண்டதில்லை. சத்தம் கேட்டால் பங்கர் குழிக்குள்ளை முதல் ஆள் நான்தான். அம்மாவுக்கு முன்னம், நாய்க்கும் முன்னம். முகம் குப்புறக் கிடப்பன்."

"அப்ப மற்ற ஆக்கள்?"

"காதாலைதான். ஒருத்தர் குண்டு போடுற பொம்மர் எண்டுவார், மற்றவர் சாமான் ஏத்துற பிளேன் எண்டுவார். பொம்மர் எண்டு ஒரு குரல் கேட்டால் காணும், ஓடுறதுதான். பிழையெண்டால் வெளியிலை வந்து மண்ணைத் தட்டுவம். சரியோ பிழையோ எண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்ட ஆக்கள்..."

அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினேன்.

"ஹென்ரிக், உமக்கு நிச்சயமாத் தெரியவராது. எனக்கும் தெரியாது. 'மஞ்சள் எண்டு நினைக்கிறம்' எண்டு தாளிலை போடுவம். மூலையிலை இடம் கிடக்கு, நட்சத்திரத்துக்குச் சிவப்பு மை எப்பிடியும் ஓடப்போகுது. சிவப்பு 24 ஒண்டையும் சேர்ப்பம். ஒட்டுறவர் யோசிக்கட்டும்."

"என்ரை பேர் போட்ட தாளிலை 'நினைக்கிறம்' எண்டால் ஆக்கள் சிரிப்பினம்."

"என்னைப் பாத்துத் தினமும் சிரிக்கினம். சம்பளம் வருகுதுதானே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். புது ஸ்கிரீன் செய்து அடித்த புரூஃபில் கையெழுத்து வைத்தார். கீழே நான் வைத்தேன். அது வேறு யாரோ என் பெயரைத் திருடி எழுதியதுபோல் இருந்தது.

பிறகு

தாள் விற்றது. மஞ்சள் என்று சத்தியம் செய்தும், சிவப்பு என்று சத்தியம் செய்தும் கடிதங்கள் வந்தன. ஒருவரிடமும் ஆதாரம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஹென்ரிக் சந்தோசமாகப் பதில் போட்டார்.

என் வேலை தப்பியது. ஆனால் பியா புதிய சட்டம் ஒன்று கொண்டுவந்தார்: வாடிக்கையாளர் முதலில் புரூஃபில் கையெழுத்து வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் என்னோடு கோப்பி குடிக்கலாம்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சந்தேகத்தை மெஷின் ஓடுவதற்கு முதலே கேளுங்கள். பதில் இல்லையென்றால், இல்லை என்பதையும் சேர்த்து அச்சடியுங்கள்.

போன மாதம் ஹென்ரிக் அடுத்த ஓடரோடு வந்தார். முன்வாசலால் வரவில்லை, கார் நிறுத்துகிற பின்பக்கத்தால் வந்தார். உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"பியாவுக்குச் சொல்லாதையும். நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. இதிலை எது பிழைக்கும் எண்டு நீர் பயப்பிடுறீர்?"

விமானத்தின் வாலிலிருந்து என் சந்தேகங்களைச் சொல்லத் தொடங்கினேன்.