கேள்விக்குறிகளுக்கு நடுவே அம்மா

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள். கரக், கரக், ஒரு நிறுத்தம், மறுபடி கரக். எனக்கு அது தேங்காய்ச் சத்தமாகக் கேட்பதேயில்லை. பிளாப்பியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கணினி பல்லைக் கடிக்கும் சத்தம். உடனே அந்த நீல வட்டும், அதன்மேல் கோணல் எழுத்தில் 'நாடகம்' என்று ஒட்டிய சீட்டும், அதை எழுதிய அத்தானும் வந்து நிற்பார்கள்.

அக்காவின் கணவர். மஸ்கட்டில் வெல்டர். இராஜாக்கமங்கலத்தில் நான் டிடிபி கடை வைத்திருந்த 2004இல், விடுமுறையில் வந்தவர் கோயில் திருநாளுக்கு ஒரு நாடகம் சொல்லச் சொல்லத் தட்டெழுதினேன். கடலுக்குப் போன மகன் திரும்பாத கதை. கடைசிக் காட்சியில் தாயின் ஒப்பாரி வரவேண்டும். அது மட்டும் அவருக்கு வரவில்லை. தன் அம்மையை அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டு, சாயா வாங்கப் போனார். மீன்கூடையை வாசலில் இறக்கிய அந்த அம்மை, கண்ணை மூடி, இல்லாத ஒரு மகனுக்காக அழுது பாடினார். மகன் அலைக்குள்ளிருந்து கூப்பிடுவதையும் அவரே பாடினார். நான் விசைப்பலகையில் எழுத்துகளின் கொம்பையும் காலையும் தேடித் தட்டிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துச் சிரித்தார்: "பொய்யா அழுததுக்கு ஒரு சாயா தானாலே? வடை கிடையாதா?"

திருநாளுக்கு முன்பே கடல் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அச்செடுத்த தாளெல்லாம் போயிற்று, நாடகம் நின்றது. என் கடையிலிருந்த பிளாப்பி தப்பியது. சில வருடங்களில் கடையை மூடினேன், கணினி பழைய இரும்போடு போனது. அந்த அம்மையும் நோயில் போய்ச் சேர்ந்தார்.

2012இல் அத்தான் விடுமுறைக்கு வந்தார். திருநாள் கமிட்டி நாடகம் போட ஒரு இரவை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. பிளாப்பி படிக்கும் பெட்டி ஒன்றை நாகர்கோவில் முழுக்க அலைந்து இரவல் வாங்கி, என் புது மடிக்கணினியில் செருகினேன். கரக், கரக். கோப்பு திறந்தது. தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள் திரையெங்கும் ஊர்ந்தன. அந்தத் தமிழ் மென்பொருளும் அதன் எழுத்துருவும் பழைய கணினியோடு இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

"இதென்ன மக்கா, அரபியா? அரபின்னா நான் எழுத்துக்கூட்டியாவது வாசிச்சிருவேனே."

இணையத்தில் கிடைத்த எழுத்துரு மாற்றிகளிலெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்று கட்டம் கட்டமாகத் துப்பியது. ஒன்று கொம்பைப் பிடுங்கி அடுத்த எழுத்தின் தலையில் வைத்தது. கடைசியாக ஒன்று, தனக்குப் புரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டது. ஒப்பாரிப் பக்கம் முழுவதும் கேள்விக்குறி. நடுவில், வரிக்கு வரி, ஒரு கீறல்கூட இல்லாமல் 'அம்மா' மட்டும். மேசையில் ஓங்கிக் குத்தினேன். கோப்பைப் படியெடுத்து வைக்காமலே உருவிவிட்ட பிளாப்பி, மறுபடி செருகியபோது கரகரத்தது, பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"என் வசனத்த நான் இன்னொருக்கா எழுதிருவேன். இது எங்க அம்மை பாடினதாக்கும். நான் சாயாக் கடையில நின்னேன். நீ கேட்டிருக்கியேலே, சொல்லு."

எழுத்தெழுத்தாகத் தட்டினேனே தவிர, ஒரு வரிகூட நினைவில் தங்கவில்லை. எவனோ ஒருவன் தன் மென்பொருளுக்கென்று தனி அரிச்சுவடி செய்து விற்றான், இன்னொருவன் அதற்கு எதிராக வேறொன்று. எல்லாரும் தமிழ் என்றுதான் விற்றார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கமிட்டிக்காரர்கள் அந்த இரவைக் கானமேளா என்ற பாட்டுக் கச்சேரிக்குக் கொடுத்தார்கள்.

இன்று என் கவிதைகளைக் கைபேசியிலேயே எழுதுகிறேன். எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகத்தான் இருக்கிறது. பிளாப்பி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், விமான நிலையத்துக்குக் கிளம்பிய வேனில் அத்தான் ஏறிய காலை திரும்பி வரும். அந்தக் கேள்விக்குறிப் பக்கத்தை என்னிடம் அச்செடுக்கச் சொல்லி, கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். வேன் நகர்ந்தபோது தலையை வெளியே நீட்டினார்.

"எடேய், மத்ததெல்லாம் போனா போட்டும். அந்த அம்மாவ மட்டும் அழிச்சிராத, கேட்டியா?"