வரிசைக்காரர்

காலரின் உள்பக்கத்தைத் தேய்த்து, ஆறவிட்டு, பிறகுதான் சட்டையை வெளிப்பக்கம் திருப்புகிறார். எதிரே நிற்பவர் நிலைகொள்ளாமல் தவிக்கிறார்.

“இன்டர்வியூக்குப் போகணுங்க. என்னுதை மட்டும் முன்னாடி தேய்ச்சுக் குடுங்களேன்.”

“குடுக்கலாமே. உங்களுக்கு முன்னாடி நாலு பேர் போட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்க வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, உடனே தேய்ச்சுடறேன்.”

எங்கள் தெரு லாண்டரிக்காரருக்கு ‘வரிசைக்காரர்’ என்ற பெயர் இப்படித்தான் வந்தது. முதலில் வந்த துணிக்கு முதல் இஸ்திரி. கெஞ்சினாலும் மிரட்டினாலும் ஆள் மசியமாட்டார். அவருடைய சொந்தச் சட்டை குவியலின் அடியில் கிடக்கும். ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுப்பவர், தான் மட்டும் கசங்கிப்போய்த் திரிவார். கேட்டால், “நம்ம டர்ன் இன்னும் வரல சார்” என்பார்.

விரல் நுனியில் தண்ணீர் தொட்டுத் தெளித்து, அது பொரியும் சத்தத்தை வைத்தே சூடு போதுமா என்று சொல்லிவிடுவார். முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு. பின்னால், யாரும் வாங்க வராத கோட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். அவற்றையும் அவ்வப்போது உதறித் தேய்த்து மாட்டுவார்.

இப்போது கடையின் ஷட்டர் பாதிதான் திறக்கிறது. ஓர் ஓட்டலின் துணி மொத்தமும் நமக்குத்தான் என்று நம்பி வங்கிக் கடனில் பெரிய மெஷின் வாங்கினார். ஓட்டல்காரர்கள் துவைத்த கூலியைக் கொடுக்காமலேயே மூடிக்கொண்டு போய்விட்டார்கள். வங்கி, வாடகை பாக்கிக்குக் கட்டடக்காரர், சோப்புத்தூள் வியாபாரி என்று கடன் கழுத்தை நெரித்தது. சோப்புக்காரர் சண்டை போடுகிறவர் இல்லை. தினமும் காலையில் வந்து ஸ்டூலில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

திவால் மனு கொடுப்பது என்று முடிவானபோது வக்கீலம்மாவிடம் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

“உங்க சொத்து, கடன் எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லிடணும். கோர்ட் ஒருத்தரைப் போடும். அவர் இருக்கறதை வித்துப் பங்கு பிரிப்பார். மீதிக் கடனைக் கோர்ட் தள்ளுபடி பண்ணிடும், அப்புறம் யாரும் உங்க கதவைத் தட்ட முடியாது. இஸ்திரிப் பெட்டி மாதிரி கைத்தொழில் சாமானை எடுக்க மாட்டாங்க” என்றார் அந்த அம்மாள். “சமீபத்துல யாருக்காவது கடனைத் திருப்பிக் குடுத்தீங்களா?”

வரிசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க அக்காவுக்குக் குடுத்துட்டேம்மா. அதுதான் முதல் கடன். கடை போடறப்ப கையில கிடந்த வளையலை வித்துக் குடுத்துச்சு. போன மாசம் வேனை வித்து, அதே எடைல, அதே அளவுல வாங்கிப் போட்டுட்டேன்.”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அதைத்தாங்க செஞ்சிருக்கக் கூடாது. திவாலாகப் போறவர் ஒருத்தரை மட்டும், அதுவும் கூடப் பிறந்தவங்களைத் தனியா கவனிச்சா செல்லாது. வளையலைத் திரும்ப வாங்கி வித்து எல்லாருக்கும் பிரிச்சிடுவாங்க.”

“முதல்ல குடுத்தவங்களுக்கு முதல்ல குடுக்கறது தப்பாம்மா?”

“இதுல முதல்ல, கடைசில எல்லாம் கிடையாதுங்க. உங்க அக்காவும் சோப்புக்காரரும் ஒண்ணுதான்.”

“சொல்லாம விட்டுட்டா?”

“தெரிஞ்சா மனுவே போயிடும். மொத்தக் கடனும் உங்க தலையிலதான்.”

யோசித்தால் நியாயம்தான். சோப்புக்காரருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனாலும், வாழ்நாளெல்லாம் ஒரே ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரை அந்த ஒழுங்கே காலை வாரிவிட்டது. படியிறங்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சார் அக்காகிட்ட கேக்கறது?”

கேட்கவில்லை, அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. கடைசியில் அக்காவே கடைக்கு வந்துவிட்டார். அப்போது நானும் இன்னும் இரண்டு பேரும் துணிக்காகக் காத்திருந்தோம்.

“என்னடா, ஆளையே காணோம்? செத்தேனா இருக்கேனான்னு பாக்க மாட்டியா?”

இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வக்கீலம்மா சொன்னதை அவர் சொல்லி முடித்தார்.

“நானா உன்கிட்ட வளையல் கேட்டேன்? இதை ஒரு விஷயம்னு மனசுல போட்டுக் குமைஞ்சுக்கிட்டு இருந்தியாக்கும். இந்தா” என்று அக்கா ஒரு வளையலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தம்பி பழைய அளவுக்கே வாங்கியிருந்தார். அக்காவின் கை பழைய கை இல்லை. மறுபடி இழுத்தார். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம்.

“அண்ணே, என் சட்டை…” என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

வரிசைக்காரர் பாதி தேய்த்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒரு குவளைத் தண்ணீரில் சோப்புத்தூளைப் போட்டுக் கலக்கினார். அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வளையலைச் சுற்றி நுரையை மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார்.