இருபதுக்கும் ‘இல்லை’

பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. மீஞ்சூருக்குக் கிழக்கே உப்பங்கழியில் இருளர் பெண்கள் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வாயில் பறி இருக்கும்வரை பேச்சு கிடையாது. அவர்களிடம்தான் வாய்ப்பேச்சை மட்டுமே நம்பும் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பழங்குடியினரின் மனத்துயரையும் மற்றவர்களின் மனத்துயரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் ஆய்வு அது. மணவாள நகரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. தூக்கம் கெட்டதா, அழுகை வந்ததா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதா என்று இருபது கேள்விகள். ‘ஆம்’ என்றால் ஒரு மதிப்பெண். ஓர் எண்ணைத் தாண்டியவர்களை மட்டும் டாக்டர் வந்து பார்ப்பார். எங்கள் மேற்பார்வையாளரை மேடம் என்போம். யார் வீட்டிலும் உட்காராதவர், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர். சம்பந்தப்பட்டவர் வாயாலேயே பதில் வரவேண்டும் என்பது அவருடைய வேதம். நெல் வயல் வைத்திருந்தவர்கள் தெருவில் அது நன்றாகவே பலித்தது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேட்டதற்கு மேலேயே சொன்னார்கள். அவர்கள் துயரமும் பொய்யில்லை.

இருளர் குடியிருப்பில் ஒரு பெண், காய்ச்சலில் ஒரே மகளைப் பறிகொடுத்தவள். அங்கே துக்கப்பட்டவர் தன் துக்கத்தைத் தானே சொல்லிக்கொள்வதில்லை, கூட இருப்பவர்கள்தான் சொல்வார்கள். அவளுக்காக அவள் நாத்தனார் பேசினார்.

“தண்ணில எறங்கறா, ஆனா துழாவறதில்ல. சும்மா நின்னுக்கினு கீறா. மொதல்ல ஆளுக்கு ஒரு கை எறா அவ பறில போட்டோம். இப்ப முழுப் பறியும் நாங்கதான் ரொப்பறோம்.”

ஒரு மனம் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டது என்பதை இதைவிடச் சரியாக எந்தப் படிவம் சொல்லிவிடும்? மேடம் கையை உயர்த்தினார். “நீ பேசாதம்மா. அவங்களே சொல்லட்டும்.”

“அவளே சொன்னா எங்களுக்கு இன்னாத்துக்கு மேடம் கவல?”

நாத்தனாரை வெளியே போகச் சொன்னார் மேடம். நான் இருபதையும் கேட்டேன். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி இருபதுக்கும் “இல்ல” என்றாள். நாத்தனார் சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதினேன். தன் காரில் ஏறியதும் மேடம் அதைக் கோடு போட்டு அடித்தார்.

“இதுக்கு எங்க மார்க் போடறது?”

“அவங்களுக்குத் துக்கம் இல்லைன்னு நம்பறீங்களா மேடம்?”

“நான் நம்பறது முக்கியமில்ல. எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டியா? அதான் முக்கியம்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தின் மேல்தான் எனக்குத் தீராத ஆத்திரம். அன்று மாலையே நானாக எட்டுப் பத்து ‘ஆம்’ போட்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வேலை போய்விடும் என்று பயந்தேன். பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். டாக்டரின் வேன் வயல்காரர்கள் தெருவுக்கு வந்தது, குடியிருப்புப் பக்கம் திரும்பவில்லை.

போன மாதம் மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் அந்த நாத்தனார் இறால் விற்றுக்கொண்டிருந்தார். அவங்க எப்படி இருக்காங்க என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மழைக்கு முன்னால ஒரு நாளு எல்லாருமா தண்ணில எறங்கினோம். நாங்க ஏறினோம். அவ ஏறல.”

மேடத்தைத் திட்ட ஆரம்பித்தேன். நாத்தனார் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

“அந்தம்மாவ இன்னாத்துக்கு இழுக்கற? அதுக்கு ஒண்ணும் புரியல, வெளிய போன்னுச்சு. உனக்குப் புரிஞ்சிச்சு. நான் சொன்னத நீ எழுதினத வாசல்ல நின்னு பாத்தேன்.”

கூறு கட்டியிருந்த இறாலின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினார்.

“உனக்கு எறா இல்ல. போ.”

போனேன்.