பத்துக்குப் பத்து வாங்கிய மறுநாள்

என் மகள் தமிழில் எம்.ஏ. முடித்ததும் எங்கள் வீட்டில் பி.எட். பேச்சு ஆரம்பித்தது. தமிழ் படித்தவள் தமிழாசிரியை ஆக வேண்டும், குன்னத்திலோ பெரம்பலூரிலோ ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தால் சாயங்காலம் வீடு வந்துவிடலாம் என்பது என் மனைவியின் கணக்கு. மகளுக்கோ பாடம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும், நாற்பது பேர் முன்னால் நின்று பேசத்தான் வராது. கல்லூரியில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போனவள், முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு மீதியைத் தோழியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இந்தக் கூச்சம் யாரிடமிருந்து வந்தது என்று என் மனைவி கேட்கும்போதெல்லாம் எனக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். குன்னத்தைச் சுற்றியுள்ள சோளக்கொல்லைகளிலும் பருத்திக் கொல்லைகளிலும் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பது என் தொழில். முதுகில் டேங்க், கையில் மருந்துக் குழாய், முன்னால் பயிர். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

மகள் கண்டுபிடித்த வேலையின் பெயர் எனக்கு இன்றுவரை வாயில் நுழையவில்லை. அவள் சொன்ன விளக்கம் இது:

"செல்போன்லயே படிக்கிற மாதிரி பாடம் செய்யறதுப்பா. லாரி டிரைவருக்கு, நர்சுக்கு, கடையில நிக்கிறவங்களுக்கு. எத மொதல்ல சொல்றது, எங்க படம் வெக்கிறது, எங்க கேள்வி கேக்குறது, எல்லாத்தையும் நாமதான் யோசிச்சு அமைக்கணும்."

"அப்ப டீச்சர் மாதிரி" என்றேன்.

"டீச்சர் மாதிரிதான். ஆனா முன்னாடி நிக்க வேண்டாம்."

அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் மைத்துனருக்குப் புரியவில்லை. திருமானூரிலிருந்து வந்தவர் விடாமல் கேட்டார்.

"டீச்சரா?"

"இல்ல மாமா."

"கம்ப்யூட்டரா?"

"கொஞ்சம் கம்ப்யூட்டர்தான், ஆனா..."

"பின்ன என்னதாம்மா படிச்ச நீ?"

"தமிழ்."

"அது சரி" என்று டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இரண்டு மூன்று பயிற்சிகளை முடித்துவிட்டு, சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள். அவர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். உடலுழைப்பு வேலை செய்யும் ஒருவருக்காகப் பத்து நிமிடப் பாடம் ஒன்று செய்ய வேண்டும். அதை அந்த ஆளையே படிக்கச் செய்து, அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். பத்து நாள் அவகாசம். பிடித்திருந்தால் வீடியோவில் பேசுவார்கள்.

என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "இந்த ஒண்ணுதான். கெடைக்கலன்னா பி.எட். சேந்துரணும். அப்புறம் மொகத்த தூக்கி வெச்சுக்கக் கூடாது." மகள் சரி என்றாள். பி.எட். விண்ணப்பத்துக்கு அந்த மாதக் கடைசிவரை நேரம் இருந்தது.

ஆள் தேடி அவள் வெளியே போகவில்லை. பாதுகாப்பாக மருந்து அடிப்பது எப்படி என்று தலைப்பு வைத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனை என் கையில் கொடுத்து எதிரே உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் பேச மாட்டேன்ப்பா. நீயே பாக்கணும்."

போனில் பச்சை வயல் படம் தெரிந்தது. அதன்மேல் 'வணக்கம்! தொடங்கலாமா?' என்று எழுதியிருந்தது.

"ம், ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். படம் அப்படியே நின்றது. கேட்டிருக்காதோ என்று போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை சொன்னேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பேச மாட்டேன் என்றவள் கடைசியில் எழுந்து வந்து, எழுத்தின்மேல் விரலால் தொட வேண்டும் என்று காட்டினாள்.

அதன்பிறகு சிக்கல் இல்லை. வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். தமிழ் அருமையாக இருந்தது. காற்று, இலை, மனித மூச்சு என்று அழகாக எழுதியிருந்தாள். அதில் மருந்து எங்கே வந்தது என்று கேட்டால்தான் கஷ்டம். கடைசியில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்கள். நான் பத்துக்குப் பத்து வாங்கினேன். போனில் வண்ணக் காகிதம் பறந்தது, கைதட்டல்கூடக் கேட்டது. என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மனைவி பி.எட்.டைக் கொஞ்ச நேரம் மறந்து ரவா கேசரி கிளறினாள்.

மறுநாள் காலை குன்னம் பக்கம் ஒரு சோளக்கொல்லையில் வேலை. படைப்புழு விழுந்திருந்தது. என்னோடு எப்போதும் மருந்து அடிக்க வருபவர் எனக்கு மச்சான் முறை. நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். பாடத்தில் வைக்கப் புகைப்படம் வேண்டுமென்று மகளும் ஸ்கூட்டியில் வந்து வரப்பில் நின்றாள்.

பாதிக் கொல்லையில் குழாய் முனையில் இருக்கும் நாசில் அடைத்துக்கொண்டது. கழற்றினேன், வாயில் வைத்து ஊதினேன், மாட்டினேன். பத்து நொடி வேலை.

"ப்பா!"

திரும்பிப் பார்த்தேன். மகள் போனைக் கீழே இறக்கியிருந்தாள்.

"என்னப்பா பண்ற?"

"அடைச்சுக்கிச்சும்மா."

"அதுக்கு வாயால ஊதுவியா?"

"பின்ன எதால ஊதுறது?" என்று பக்கத்துச் சோள வரிசையிலிருந்து மச்சான் கேட்டார்.

"நேத்து பத்துக்குப் பத்து வாங்குனியேப்பா! நாலாவது கேள்வியே இதானே?"

"பரிச்ச வேற எழுதுனியா மாப்ள? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா" என்றார் மச்சான். "பாசாயிட்டு இங்க வந்து ஏன்யா ஊதிக்கிட்டு நிக்கிற?"

டேங்கை இறக்கி வைத்துவிட்டு வரப்புக்கு வந்தேன். மகள் நாலாவது கேள்வியை எடுத்துக் காட்டினாள். நாசில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? வாயால் ஊதுவேன். கல்லில் தட்டுவேன். இயந்திரத்தை நிறுத்தி, கையுறை அணிந்த கரங்களால் நாசிலைக் கவனமாகக் கழற்றி, தூய நீரில் அலசி, மென்மையான தூரிகையால் துப்புரவு செய்த பின்னரே மீண்டும் பொருத்துவேன்.

"இத நீதானே தொட்ட?"

"ஆமா."

"படிச்சுட்டுத்தானே தொட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மருந்து வாடை அடிக்கும் வாயோடு எப்படிச் சொல்வது? "மூணுல எது நீளமா இருந்துச்சோ அத தொட்டேன்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஒன்றாம் கேள்வியிலிருந்து தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவதில் உதட்டைக் கடித்தாள். பத்தாவது முடிந்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பத்துக் கேள்வியிலும் சரியான பதில்தான் மூன்று வரி, தப்பான பதில்களெல்லாம் இரண்டு வார்த்தை.

பாடம் அனுப்ப இரண்டே நாள்தான் இருந்தது. அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் என்னையும் கொல்லையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க இருக்கு?" என்றாள்.

"போர்செட்டுல. ரெண்டு கொல்லை தள்ளி."

"பிரஷ்?"

"பிரஷ்ஷா?" மச்சானும் வந்து உட்கார்ந்துகொண்டார். "இந்த நட்டநடு சோளத்துல நின்னுக்கிட்டு தூரிகைக்கு எங்கம்மா போறது? கையெல்லாம் மருந்து. முதுகுல பதினாறு லிட்டரு. வாயி மட்டுந்தான் சும்மா இருக்குது."

"ஒனக்கு அதுவும் சும்மா இல்லையே" என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அன்று அவள் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. எந்த இடத்தில் அடைக்கும், டேங்கை இறக்கினால் மறுபடி தூக்க ஆள் வேண்டுமா, கையுறை ஏன் போடுவதில்லை, போட்டால் என்ன தொந்தரவு, சாயங்காலம் தலை வலிக்குமா. தலை வலிப்பதை நான் வீட்டில் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். வாயில் வைக்காமல் இருக்க என்னதான் வழி என்று அவள் கேட்டபோது மச்சான், "பழைய பல்லு வெளக்குற பிரஷ்ஷ டேங்கு வார்ல கட்டித் தொங்கவிட்டு, இடுப்புல ஒரு சின்ன பாட்டில் தண்ணிய வெச்சுக்கிட்டா போச்சு" என்றார். இருபது வருடமாக அவரும் அதைச் செய்ததில்லை. யாரும் அவரைக் கேட்டதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்துப்போட்டாள். காற்றும் மூச்சும் போயின. பத்துக் கேள்வி மூன்றாயிற்று: நாசில், கையுறை, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. மூன்றிலும் பதில்கள் ஒரே நீளம். சோளத்தின் நடுவே ஒருவர் நிற்கும் படம், நாசில் அடைத்துவிட்டது, என்ன செய்யப் போகிறீர்கள்? ஊதுவேன் என்று தொட்டால் தப்பு என்று சொல்லாது. அதே ஆள் சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் வரும், பிறகு மறுபடி கொல்லைக்கே கூட்டிப்போகும். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க என்னவோபோல் இருந்தது.

இந்த முறை மச்சானை உட்கார வைத்தாள். அவர் முதல் கேள்வியிலேயே தப்பாகத் தொட்டுவிட்டு போனோடு சண்டைக்குப் போனார். "நான் இருவது வருசமா அடிக்கிறேன், இது எனக்குச் சொல்லுது!" இரண்டாவதும் தப்பு. மகள் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டே இருந்தாள். "என்னக்கா ஒம் பொண்ணு, தப்பா போட்டாத்தான் சிரிக்குது?" என்று அவர் என் மனைவியிடம் முறையிட்டார். ஆனால் மறுபடி கொல்லைக்குப் போனபோது இரண்டையும் சரியாகத் தொட்டார். ஏன் என்று மகள் கேட்டபோது காரணமும் சொன்னார்.

பாடத்தோடு அனுப்பும் கடிதத்தில் நான் நாசில் ஊதிய கதையையும் அவள் எழுதப்போக, வீட்டில் சண்டை வந்தது.

"நம்ம தப்ப நாமளே எழுதி அனுப்புவாங்களா?" என்றாள் மனைவி.

"நடந்தத எழுதச் சொல்லியிருக்காங்கம்மா."

"அப்ப அந்தப் பத்துக்குப் பத்தும் நடந்ததுதானே? அத எழுது!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் மனைவி சொல்வதே சரி என்று பட்டது. அதைச் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டேன். மகள் எழுதி அனுப்பிவிட்டாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. வீடியோவில் பேச வேண்டும், ஐந்து நிமிடம் அப்பாவோடும் பேச வேண்டும். நான் அரியலூரில் வேலை இருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். மனைவி வாசலில் நின்றுகொண்டாள். கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும் இருந்தார்கள். அந்த அம்மாதான் கேட்டார்.

"ஐயா, படிச்சது புரியலைன்னு அன்னைக்கே ஏன் சொல்லல?"

என் வாயால் மகளுக்கு இந்த வேலை போய்விடக் கூடாது என்ற நினைப்பில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தாமல் இருந்தார்.

"பாப்பா எதுத்தாப்புல உக்காந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க" என்றேன்.

"சரி. நீளமான பதில்தான் சரியான பதில்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"பாப்பா நல்லா எழுதும்ங்க. சரியானத எழுதுறப்ப அதுக்கு நிறுத்த மனசு வராதுங்க. தப்பானத சட்டுன்னு முடிச்சுரும்."

அந்த அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். இளைஞர் குனிந்து ஏதோ எழுதினார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் என்மேல் பாய்ந்தாள். "எம் மானத்த வாங்கிட்டியேப்பா! எனக்கு எழுதத் தெரியாதுன்னு அவங்ககிட்டயே சொல்லிட்ட!" நான் சொன்னது அப்படியா இருந்தது? இரண்டு நாள் யோசித்தேன். மனைவி பி.எட். விண்ணப்பத்துக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஊரில் விசாரிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் பருத்திக் கொல்லையில் நின்றபோது சட்டைப்பையில் போன் அடித்தது. கையில் கையுறை, அதில் மருந்து. டேங்கை இறக்கினேன். போன் நின்றுவிட்டது. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வாய்க்கால்வரை நடந்து சோப்புப் போட்டேன். மறுபடி அடித்தது. விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். மூன்றாவது தடவை அடித்தபோது துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"எங்கப்பா போன? எத்தன தடவ அடிக்கிறது?"

"கை கழுவிக்கிட்டு இருந்தேம்மா."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சோப்பு போட்டா?"

"போட்டுத்தான்."

"ப்பா... எடுத்துக்கிட்டாங்கப்பா. மொத ஆறு மாசம் வூட்லேருந்தே வேல." அவள் குரல் உடைந்தது. பின்னால் அவள் அம்மா யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

நிறையச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. "சரிம்மா" என்றேன்.