எலன் அம்மாவின் அடுப்படியில் ஒரு கார்டு

நம் ஊரில் அடுப்படிச் சுவரில் முருகன் காலண்டர் தொங்கும். ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பக்கத்து டண்டினொங்கில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் அந்த இடத்தில் ஒரு தபால் கார்டு தொங்குகிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு. வெள்ளைக்காரர்தான் குடியேறலாம் என்ற விதி போய் இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் வீடு இல்லை என்றவர்களே அதிகம். எழுபத்து நாலு வயது எலன் அம்மா மட்டும் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். இரண்டு அறை கொடுத்து, தன் அடுப்படியிலேயே சமைத்துக்கொள்ளவும் சொன்னார். பெருங்காய வாசனைக்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, மகராசி.

கார்டின் முன்பக்கம் ஏதோ பிரெஞ்சு ஊர் சர்ச். எட்டு மாதம் அதை வெறும் படம் என்றே நினைத்திருந்தோம். ஒருநாள் தூசி துடைக்கக் கழற்றிய எலன் அம்மா பின்பக்கத்தைக் காட்டினார். பென்சில் எழுத்து. முதல் உலகப் போரிலிருந்து அவருடைய அண்ணன் ஜாக் எழுதியது. ஜாக் இறந்துவிட்டதைப் பாதிரியார் வந்து சொல்லிப் பத்து நாள் கழித்து இது வந்து சேர்ந்ததாம். எலன் அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது.

என் மனைவி சுந்தரிக்கு இது ஆறாம் மாதம். அவள் முகம் செத்துப்போயிற்று. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சாவுச் செய்தி வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். ஜாக் உயிரோடு இருக்கும்போது எழுதியதுதானே என்று வாதாடிப் பார்த்தேன். "வந்தது செத்த பிறகுதானே? அது இருக்கிற வீட்டுல நான் பிள்ளை பெத்துக்க மாட்டேன். வேற வீடு பாருங்க" என்றாள்.

வேறு வீட்டுக்கு எங்கே போக? எலன் அம்மாவிடம் மென்று முழுங்கிச் சொன்னேன். என் இங்கிலீஷ் தொழிற்சாலையில் டிராயிங் போடத்தான் லாயக்கு. நாங்கள் இந்துக்கள் என்பதால் சர்ச் படம் பிடிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அது இல்லை என்று நான் சொல்வதற்குள் கார்டைக் கழற்றியாகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டாதது எதற்கு என்றார், அவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கு மேல் தொங்கிய இடம் சுவரில் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

சுந்தரியாவது நிம்மதியாக இருந்தாளா? அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சமைத்தாள். நாலாம் நாள், அதில் என்னதான் எழுதியிருந்தது, கேளுங்கள் என்றாள். எலன் அம்மாவுக்குக் கார்டு தேவைப்படவில்லை, மனப்பாடம். நான் தமிழில் சொன்னேன்: "பேரிக்காய் மரங்களைக் குளிர்காலத்தில் கிளை வெட்டிக் கவாத்து பண்ண மறக்காதே, எலன். அப்பாவுக்குக் கை நடுங்கும், ஏணியில் ஏற விடாதே."

அந்தக் குளிர்காலமே பதினாறு வயதுப் பெண் ஏணியில் ஏறியிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்து ஆண்கள் வேலியில் சாய்ந்து சிரித்தார்களாம். மூன்றாம் வருஷம் அவர்களே யோசனை கேட்டு வந்தார்களாம். அப்பா போனபின், படுக்கையில் விழுந்த அம்மாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டார். குதிரை வண்டியில் மெல்போர்ன் சந்தைக்குப் பழம் கொண்டுபோனார், பிறகு லாரியே ஓட்டினார். தன் முப்பத்தெட்டாவது வயதில் பெண் கேட்டு வந்தவரிடம், தோட்டத்தை விட்டு நான் வரமாட்டேன், நீங்கள்தான் இங்கே வரவேண்டும் என்றாராம். வந்திருக்கிறார் மனுஷர்! தோட்டமெல்லாம் வீட்டுமனை ஆகிவிட்டது. கொல்லையில் மிச்சமிருக்கும் ஆறு மரத்துக்கு இன்றைக்கும் எலன் அம்மாதான் ஏணி போடுகிறார். எல்லாவற்றையும் மளிகைச் சாமான் பெயர் சொல்வதுபோல் சொன்னார். நம் பக்கத்தில் இப்படி ஒருத்தி இருந்தால் அடங்காப்பிடாரி என்றிருப்போம். எனக்கோ எழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது.

சுந்தரி சுவரில் வெளுத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"இது சாவுச் செய்தி இல்லீங்க. தங்கச்சியை நம்பி வேலை சொல்லி அனுப்பியிருக்காரு. எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

எலன் அம்மா நிச்சயம்தானா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார். மாட்டப்போன என்னைச் சுந்தரி தள்ளிவிட்டாள். தானே ஆணியில் மாட்டி, சட்டத்தை நேராக்கினாள். எலன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று கோப்பையில் தேநீர் ஊற்றினார். சுந்தரி எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். பிறகு ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, எலன் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்தாள்.