கோலமாவும் உறையாத துளியும்

மேகத்தில் பனிக்கட்டி உருவாவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், அன்னவாசலில் எங்கள் தெருவே சிரிக்கும். "இங்க மழைக்கே வழியக் காணோம், ஒனக்குப் பனிக்கட்டி கேக்குதாக்கும்" என்பார் பக்கத்து வீட்டு அத்தை. வெகு உயரத்தில் இருக்கும் மேகத்துளி, ஜீரோ டிகிரிக்குக் கீழே போனதும் உறைந்துவிடுவதில்லை. சுத்தமான துளி மைனஸ் முப்பதிலும் தண்ணீராகவே இருக்கும். காற்றில் பறக்கும் ஏதாவது ஒரு தூசி வந்து சேர்ந்தால், அதைப் பிடித்துக்கொண்டு முன்கூட்டியே உறையத் தொடங்கும். எந்தத் தூசி, எவ்வளவு குளிரில் என்பதுதான் என் கேள்வி.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில்தான் என் ஆய்வகம். மொட்டைமாடியில் பிடித்த காற்றுத்தூசியைத் தண்ணீரில் கலந்து, குளிர்தட்டில் சொட்டுச் சொட்டாக வைப்பேன். பக்கத்திலேயே, ஒப்பிட்டுப் பார்க்கத் தூசியில்லாத தண்ணீர்ச் சொட்டுகள். அவை உறையாமல் தாக்குப்பிடித்தால்தான் மற்றதற்கு மதிப்பு. போன மார்கழியில் அவை தாக்குப்பிடிக்கவே இல்லை. தூசித் துளிகளோடு அவையும் வெள்ளை வெள்ளையாக உறைந்தன. பொங்கலுக்குள் சரிசெய்யாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார் என் கைடு. மூன்று வருட உழைப்பு அத்தனையும் போய்விடும்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். பழிபோட ஆள் தேடினேன். ஆய்வகத்தைப் பெருக்கும் அக்கா கிடைத்தார். "நீங்க கூட்டுறதுலதான் எல்லாத் தூசியும் பறக்குது" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மேற்பார்வையாளரிடம் சொல்லி, அவரைக் கழிப்பறை வேலைக்கு மாற்ற வைத்தேன். அதன் பிறகும் துளிகள் உறைந்துகொண்டேதான் இருந்தன.

அவரும் அன்னவாசல்தான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரே பஸ்ஸில் போவோம். நாலாம் நாள் பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார்ந்திருந்த அக்கா நகர்ந்து இடம் விட்டு, "இங்கிட்டு வாங்க மேடம்" என்றார். கூனிக்குறுகி உட்கார்ந்தேன். என் கையைப் பார்த்தவர், "கோலம் போட்டுட்டு அப்படியே ஓடியாந்துட்டீங்களா? நகத்துல மாவு அப்பிக் கெடக்கு" என்றார்.

மார்கழி முழுக்க விடியலில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவள் நான். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஓடிவருவேன். அதே விரல்களால்தான் ஆய்வகத்தில் கையுறையை இழுத்து மாட்டுவேன். கடையில் வாங்கும் கோலமாவு அரிசி அல்ல, கல்லைப் பொடித்தது. பனியை வரவழைப்பதில் சில கல்பொடிகள் பலே கில்லாடிகள். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இதை நானேதான் எழுதியிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அன்றே ஒரு சிட்டிகை கோலமாவைத் தண்ணீரில் கலந்து தட்டில் வைத்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் உறைந்தது. அடுத்து, நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கைவரை தேய்த்துக் கழுவி, துப்பட்டாவை வெளியே வைத்துவிட்டு வந்து செய்தேன். சுத்தமான துளிகள் கடைசிவரை தெளிவாக நின்றன. அழுதுவிட்டேன். அக்கா நினைத்திருந்தால் அன்று பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். நான் செய்த காரியத்துக்கு அதுதான் நியாயமும்கூட. அவர் பேசியதால்தான் என் ஆராய்ச்சி பிழைத்தது.

மேற்பார்வையாளரிடம் ஓடி, தப்பு என்னுடையது என்று சொல்லி அக்காவைத் திரும்ப வரவழைத்தேன். கத்திய இடத்திலேயே, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிச்சிருங்கக்கா. எல்லாம் என் கையில ஒட்டியிருந்த கோலமாவுதான். பொங்கல் வரைக்கும் நான் இனிமே கோலமே போடப்போறதில்ல" என்றேன்.

"அதெப்படி மேடம், மார்கழியில வாசல் மொட்டையாவா கெடக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடியலில் கதவைத் திறந்தேன். என் வாசலில் அக்கா குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய்ப் படியிறங்கினேன்.

"அங்கிட்டே நில்லுங்க மேடம், கையில ஒட்டிக்கிரும்" என்றார்.