செங்கொடியின் கூழ்ப்பானை

செங்கொடியக்கா எங்கள் பக்கத்து வீடு. திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்புக்கும் கடற்கரைக்கும் நடுவே உள்ள ஆறு தெருக்களை ஒப்பந்தத் தொழிலாளியாகப் பதினாலு வருஷமாகப் பெருக்குகிறாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கணவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகள் ரமாபாயை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசிவிட்டால் பின்வாங்கமாட்டாள்.

அந்த ஆறில் ஒரு தெருவில் அம்மன் கோயில் இருக்கிறது. ஆடியில் அந்தத் தெருக்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கூழ் காய்ச்சி, பானையோடு வந்து வாசலில் உள்ள பெரிய அண்டாவில் ஊற்றுவார்கள். கடைசிப் பானையும் விழுந்த பிறகே பூசாரி அண்டாவை வேப்பிலையால் மூடிப் படைப்பார். ஒரு பானை காத்து நிற்கும்போதே மூடினால் அம்மை வார்க்கும் என்பார்கள். அதுவரை யாருக்கும் கூழ் கிடையாது. எங்கள் குடியிருப்பிலிருந்து வேப்பிலை வாங்குவார்கள், விறகு வாங்குவார்கள், தெருவைக் கழுவக் கூப்பிடுவார்கள். கூழ் மட்டும் வாங்கமாட்டார்கள். நாங்கள் சொம்போடு கடைசியில் நின்று, எட்டத்திலிருந்து ஊற்றுவதைப் பிடித்துக்கொண்டு வருவோம். பார்த்துப் பழகியதால் எனக்கு அது உறுத்தியதேயில்லை.

ரமாபாய் வேலைக்குப் போன வருஷம் அக்கா சொன்னாள்: "எம் பொண்ணு ஊசி போட்டா கையை நீட்டுறாங்க. நான் காய்ச்சின கூழுன்னா மட்டும் ஆவாது. இந்த ஆடிக்கு நான் ஊத்தப்போறேன்."

விழாக் குழுத் தலைவர் ஜெயவேலிடம் போய்ச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. எங்களுக்கென்று தனி அண்டா வைப்பதாகச் சொன்னார். எங்கள் ஆண்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம். கோயில் தெருவிலேயே குடியிருந்து இட்லி விற்கும் அம்மு வேறு வழி சொன்னாள்.

"யக்கா, பானைய எங்கையில குடு. எங்க வூட்டு கூழோட சேத்து ஊத்திடறேன். எவனுக்குத் தெரியப்போவுது?"

"தெரியணும்டி. அதுக்குத்தான காய்ச்சறேன்."

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை அக்கா இடுப்பில் பானையோடு நடந்தாள். பின்னால் ஆளுக்கொரு பானையோடு ஏழு பெண்கள். கடைசி ஆள் நான். ஜெயவேல் குறுக்கே வந்தார்.

"இன்னாம்மே, உங்க அண்டா அங்க கீது பாரு. புச்சு."

"பாத்தேன்ணே. உங்க வூட்டு கூழ அதுல ஊத்திட்டு வா. பின்னாலயே நானும் ஊத்தறேன்."

யாரோ சிரித்தார்கள். ஜெயவேலின் முகம் சிவந்தது. அக்கா பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். வெயில் ஏறியது. சொம்போடும் தூக்கோடும் கூட்டம் காத்திருந்தது.

"மூடுய்யா!" என்று ஜெயவேல் பூசாரியிடம் கத்தினார்.

"பானை நிக்கச்சொல்ல மூடினா எவன் வூட்டுல அம்மை வாக்கும்? நீ வந்து மூடு" என்று பூசாரி வேப்பிலையை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர், "இன்னா நைனா பேஜாரு பண்ணிக்கினு கீற? எனக்கு ரெண்டு மணி ஷிப்டு. ஊத்த வுடு" என்றார். இன்னும் நாலு குரல்கள் சேர்ந்தன.

ஜெயவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஊத்தித் தொலை."

"தொலைன்னா ஊத்தமாட்டேன்ணே."

கிடைத்ததைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஊத்தும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா நிதானமாகக் கவிழ்த்தாள். ஒவ்வொருவராக ஊற்றினோம். அவசரத்தில் நான் ஊற்றியதில் பாதி விளிம்பில் வழிந்தது. பூசாரி மூடினார். இருபது பேர் இருக்கும், வெறும் சொம்போடு திரும்பினார்கள். மற்றவர்கள் நின்று வாங்கிக் குடித்தார்கள். அம்மு இரண்டு முறை வாங்கினாள்.

போகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்தது ஊற்றுகிறவர்களை.

"கரண்டி யார் கையில கீதுன்னு பாத்தியா?" என்றாள். "அடுத்த ஆடிக்கு அதைக் கேப்போம்."

அன்று மாலையே கரண்டியைக் கேட்டு விழாக் குழுவுக்கு மனு எழுதச் சொல்லி ரமாபாயிடம் தாளைக் கொடுத்தாள். கீழே எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம்.